33,000 பேருக்கு ஓர் உறுப்பினர் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில் பூர்வகுடி உறுப்பினர் சோல் மாமக்வா தம் தாய்மொழியில் பேசியதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மனம் நெகிழ்ந்தது உண்மை. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். எங்கள் தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஓர் உறுப்பினர். மாமக்வாவின் தொகுதியிலோ ஏறத்தாழ 33,000 பேர்தான். அப்படியானால் அங்குள்ள ஒருவரின் வாக்குக்கு என் வாக்கைவிட மூன்று மடங்கு பெறுமதி வந்துவிடாதா? மேலும், 124 பேர் கொண்ட அவையில் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும் ஒருவர் பத்து நிமிடம் தம் மொழியில் பேசுவதால் அவர் தொகுதியின் ஊர்களுக்குக் குடிநீராவது வந்துவிடுமா? குறை சொல்லும் நோக்கமில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

எஸ்., ஸ்காபரோ

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணக்கு சரியானது, அதை மறுக்கப்போவதில்லை. கீவேட்டினூங் என்ற அந்தத் தொகுதி தற்செயலாகச் சிறியதாக அமைந்துவிடவில்லை; வேண்டுமென்றே அப்படி வரையப்பட்டது. ஒன்ராறியோவின் வடகோடிக்கென்று அமைக்கப்பட்ட எல்லை ஆணையம் 2017இல் இரண்டு புதிய தொகுதிகளைப் பரிந்துரைத்தது. அவற்றுள் ஒன்று முஷ்கெகோவுக்–ஜேம்ஸ் பே, மற்றொன்று கீவேட்டினூங். மாகாணத்திலேயே பூர்வகுடி மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரே தொகுதி பின்னதுதான். 2018இல் அங்கு நடந்த முதல் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று வென்ற மாமக்வா, 2022இலும் 2025இலும் மீண்டும் வென்றார்.

தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,94,000 சதுர கிலோமீட்டர். நாலு இலங்கைகளை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் பரப்பைச் சொல்வதால் மட்டும் எதுவும் விளங்கிவிடாது, ஏனெனில் அந்தப் பரப்பில் ஊர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெடுஞ்சாலை பிக்கில் லேக்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால், மாமக்வாவின் சொந்த ஊரான கிங்ஃபிஷர் லேக் உட்பட, பெரும்பாலான ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை கிடையாது. சிறு விமானத்தில் போக வேண்டும். இல்லாவிட்டால் ஏரிகளும் சதுப்புநிலங்களும் உறைந்த பிறகு, பனியை அழுத்தி இறுக்கிப் போடப்படும் குளிர்காலச் சாலையில் போக வேண்டும். அந்தச் சாலை தாங்கும் சில வாரங்களுக்குள்தான் ஓர் ஆண்டுக்கு வேண்டிய எரிபொருளும் வீடு கட்டும் மரமும் லாரிகளில் வந்து சேர வேண்டும். 2024 குளிர்காலத்தில் பனி போதிய அளவு இறுகாமல் போனதால், 49 பூர்வகுடிச் சமூகங்களைக் கொண்ட நிஷ்னாவ்பே அஸ்கி நேஷன் அவசர நிலையை அறிவித்தது. லாரி வராமல் போனால் ஒவ்வொரு பொருளையும் விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும். ஒரு வீட்டின் கூரைக்குரிய பலகைகளை அப்படிக் கொண்டுவருவதற்கு என்ன செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் உங்கள் உறுப்பினரைச் சந்திக்க வேண்டுமானால் பேருந்து ஏறி அவருடைய அலுவலகத்துக்குப் போய், குறையைச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கிங்ஃபிஷர் லேக்கில் உள்ள ஒரு மூதாட்டி, பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ முதியோர் பராமரிப்போ எதுவானாலும் சூ லுக்அவுட் நகரத்துக்குப் பறந்தாக வேண்டும் என்பதைத் தம் மகளுக்கும் பேத்திக்கும் நேர்வதைக் கண்டே அறிந்திருப்பார். வீட்டை விட்டு, மொழி தெரிந்தவர்களை விட்டு, சில நாட்களோ சில மாதங்களோ அங்கேயே தங்க வேண்டியிருக்கும். அவருக்காகப் பேசுகிறவருக்கும் உங்களுக்காகப் பேசுகிறவருக்கும் வேலை ஒன்றாக இருக்க முடியாது.

கனடிய உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை 1991இலேயே எதிர்கொண்டது. சஸ்காட்சுவான் மாகாணத்தின் தொகுதி எல்லைகள் குறித்த அந்த வழக்கில், வாக்குரிமை என்பது எண்களின் துல்லியமான சமத்துவத்தை அல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவத்தையே காக்கிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குகளின் சமநிலைதான் முதலில் கருத வேண்டியது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது என்பதால், உங்கள் ஐயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிலவியல், சமூகத்தின் வரலாறு, சிறுபான்மையினரின் குரல் ஆகியவற்றுக்காக அந்தச் சமநிலையிலிருந்து விலகலாம் என்றும் அது ஏற்றுக்கொண்டது. கீவேட்டினூங்கில் இந்த மூன்றும் ஒருசேரப் பொருந்துகின்றன.

வரலாறு என்றேன். அந்த வடநிலத்தின் பெரும்பகுதி, நிலம் குறித்துப் பூர்வகுடி மக்களோடு அரசு செய்துகொண்ட ஒன்பதாம் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. இப்படி எண்ணிட்ட ஒப்பந்தங்களில் கூட்டாட்சி அரசோடு ஒரு மாகாணமும் தரப்பாக நின்றது இதில் மட்டும்தான். 1905இல் ஒன்ராறியோவின் ஆணையர் நேரில் போய்க் கையொப்பமிட்டார். அவ்வாறு நிலத்தைப் பற்றி உடன்படிக்கை செய்துகொண்ட அரசின் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அந்த மக்களுக்கு 1954இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 49 ஆண்டுகளில் அவர்களுடைய வாக்கின் பெறுமதி சுழியம். மூன்று மடங்கு என்ற உங்கள் கணக்கைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சுழியம்தான்.

இனி மொழிக்கு வருகிறேன். 2024 மார்ச் வரை ஒன்ராறியோ சட்டமன்றத்தின் விதிப்படி ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மட்டுமே பேச முடியும். விதி திருத்தப்பட்ட பிறகு, மே 28ஆம் தேதி, ஓஜி-கிரீ என்றும் அழைக்கப்படும் அனிஷினினிமோவின் மொழியில் மாமக்வா பேசினார். அந்த நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழும் மக்களின் மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட்டதும், முதல்வர் முதல் கடைசி வரிசை உறுப்பினர் வரை எல்லோரும் அதைப் புரிந்துகொள்ளக் காதில் கருவியை மாட்டிக்கொண்டதும் அந்த அவையில் அதுவே முதல் முறை. பார்வையாளர் மாடத்தில் அவருடைய தாயார் இருந்தார். அன்று அவருக்கு 79ஆவது பிறந்தநாள். மாமக்வா உறைவிடப் பள்ளியில் படித்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள் அவை. தங்கள் மொழியைப் பேச முடியாமல் போனவர்களுக்காகவும் பேசுவதாக அவர் அன்று சொன்னார்.

அந்தப் பத்து நிமிட உரை பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதன் பின்னர் கேள்வி நேரத்தில் அவர் அதே மொழியில் கேட்டது சூ லுக்அவுட்டின் முதியோர் பராமரிப்பு இல்லத்தைப் பற்றி என்பதைத்தான் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கிடைத்தற்கரிய வாய்ப்பைப் படுக்கைகள் எப்போது வரும் என்று கேட்கப் பயன்படுத்தினார். அந்தப் படுக்கைகளில் படுக்கப்போகும் முதியவர்களில் பலருக்கு ஆங்கிலம் எளிதாக வராது. அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே அவர்களுடைய தேவை அவையில் கேட்கப்பட்டது.

ஒரே ஓர் உறுப்பினரால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு மனிட்டோபா ஒரு முறை விடை சொல்லியிருக்கிறது. ரெட் சக்கர் லேக்கைச் சேர்ந்த எலைஜா ஹார்ப்பர், 1981இல் ரூபர்ட்ஸ்லாண்ட் என்ற வடதொகுதியிலிருந்து அந்த மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனவர். 1990இல் மீச் லேக் அரசியலமைப்பு உடன்பாடு ஜூன் 23க்குள் எல்லா மாகாணங்களிலும் நிறைவேற வேண்டியிருந்தது. கியூபெக்கைத் தனித்துவமுள்ள சமூகமாக ஏற்ற அந்த உடன்பாடு, பூர்வகுடி மக்களைக் கலந்துகொள்ளாமலே எழுதப்பட்டிருந்தது. நேரம் போதாததால் மனிட்டோபா அவையில் வழக்கமான முன்னறிவிப்பைத் தவிர்த்து விவாதத்தைத் தொடங்க எல்லா உறுப்பினர்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது. ஜூன் 12 முதல், ஒவ்வொரு முறை கேட்கப்பட்டபோதும், கையில் ஒரு கழுகின் இறகைப் பிடித்தபடி ஹார்ப்பர் மறுத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை, நீண்ட உரையும் ஆற்றவில்லை. உடன்பாடு காலாவதியானது. அத்தகைய தருணம் எல்லா உறுப்பினர்க்கும் வாய்ப்பதில்லை என்பதையும் நான் அறிவேன்.

குடிநீரைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. மாமக்வாவின் தொகுதியில் உள்ள நெஸ்கன்டாகாவில் 1995 பிப்ரவரியில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தபோதும் அது விலக்கப்பட்டிருக்கவில்லை. அந்த ஆண்டு அங்கு பிறந்த குழந்தை, தன் ஊரின் குழாயைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீரை அச்சமின்றிக் குடித்தறியாமலே முப்பது வயதைத் தொட்டிருக்கிறது. 2020 அக்டோபரில் நீர்த்தேக்கத்தில் எண்ணெய்ப் படலம் தென்பட்டதால் ஊர்மக்கள் தண்டர் பே நகருக்கு வெளியேற்றப்பட்டார்கள். பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலத்தின் குடிநீர் கூட்டாட்சி அரசின் பொறுப்பு என்று மாகாணம் ஒதுங்கிக்கொள்ள முடிகிறது. அப்படி ஒதுங்க விடாமல் அவையில் அதை எழுப்பிக்கொண்டே இருப்பதைத்தான் அவர் செய்துவருகிறார். அதனால் தண்ணீர் வரவில்லை என்பது உண்மை. அவர் அங்கு இல்லாதிருந்தால் நெஸ்கன்டாகா என்ற பெயரையே நீங்களும் நானும் கேட்டிருப்போமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நிலத்தை அரசு மறந்துவிடவும் இல்லை. நெஸ்கன்டாகாவுக்கு அருகேதான் ரிங் ஆஃப் ஃபயர் என்ற கனிமப் பகுதி இருக்கிறது. மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்களிக்கக்கூடிய சிறப்புப் பொருளாதார மண்டலங்களை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தரும் ஐந்தாம் மசோதா, 2025 ஜூனில் நிறைவேறியது. மாமக்வா அதைக் கடுமையாக எதிர்த்தார். சட்டம் வந்துவிட்டது, ஆனால் தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவு தங்களைக் கேட்காமல் எடுக்கப்படுகிறது என்று சொல்ல அந்த மக்களுக்கு அவையில் ஓர் இருக்கை இருந்தது. 1905இல் அது இல்லை.

நேரமிருந்தால் 2024 மே 28ஆம் தேதிய அவைக்குறிப்பைத் தேடிப் பாருங்கள். அவருடைய உரை அதன் சொந்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. முக்கோணங்களும் கொக்கிகளுமாகத் தெரியும் அந்த எழுத்தில், வடிவம் மெய்யையும் அது திரும்பியிருக்கும் திசை உயிரையும் காட்டும். உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு அதன் முறை அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.