மனுவும் நகலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் எனக்கு ‘மனித உரிமைச் சட்டம் யார் தந்தது?’ என்று தலைப்பு. பிரிட்டனும் பிரான்சும் ஒரு கையில் காலனிகளை வைத்துக்கொண்டே மறுகையால் இந்தச் சட்டங்களை எழுதியிருக்கின்றன. அப்படியென்றால் எல்லாமே ஏமாற்றுத்தானே? இந்தியாவின் பங்கு என்ன? படிக்க ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

இரண்டு வாரமாக கென்யாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்களுக்கு உடனே எழுதத் தோன்றியது.

‘எல்லாமே ஏமாற்று’ என்கிறீர்கள். படிக்கிற பிள்ளை இப்படி ஒரே வார்த்தையில் கதவைச் சாத்தலாமா? அந்தச் சட்டத்தை நம்பி மனு எழுதியவர்கள் எல்லோரும் ஏமாளிகளா? எனக்குக் கோபம் வருகிறது.

இந்தியாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐ.நா.வின் 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘ஆண்கள் அனைவரும்’ என்று பொருள்படும்படி இருந்ததை ‘மனிதர்கள் அனைவரும்’ என்று மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. மற்றதை நூலகத்தில் தேடுங்கள்.

என் அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், மனு எழுதிப் பிழைத்தவர். ஒரு மடக்கு மேசை, ஒரு பேனா, நாலைந்து கார்பன் தாள், அவ்வளவுதான். நிலத்தைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி எதிரே உட்கார்ந்து அழுவாள். அப்பா அவளை அழவிடுவார். பிறகு மெதுவாகக் கேட்பார்: “என்னைக்கு வந்தாங்க? எத்தனை பேரு? யாரு முதல்ல வேலியப் புடுங்குனது?” எழுதி முடித்ததும் கைநாட்டு வாங்கி, நகலை அவள் முந்தானையில் முடிந்துவிடுவார். “ஆபீஸ்ல கொடுக்குறத அவங்க தொலைச்சிடுவாங்க. இது உங்கிட்ட இருக்கட்டும்.”

ஆப்பிரிக்காவின் மேரு மக்களுக்காகப் பேசிய கிரிலோ ஜாஃபெட்டைப் பற்றிப் படித்தபோது அந்த மேசைதான் ஞாபகம் வந்தது. 1951இல் தாங்கன்யிகாவின் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) மேரு மலைப்பக்கத்திலிருந்து சுமார் 3,000 பேரை விரட்டிவிட்டு அந்த நிலத்தை வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்தார்கள். தாங்கன்யிகா ஐ.நா.வின் பொறுப்பாட்சிப் பிரதேசம். ஆட்சி பிரிட்டனுடையதுதான், ஆனாலும் அங்குள்ளவர்கள் ஐ.நா.வுக்கு மனு போடலாம். 1952இல் ஜாஃபெட் நியூயார்க்குக்கே போய் ஐ.நா. சபை முன்னால் நின்று பேசினார். நிலம் அப்போது திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட ஒருவனுக்கு ஊரறியப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கென்யா முழுக் காலனி. அங்கே அந்த வழி கிடையாது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை பிரிட்டன் 1953இல் கென்யா உட்பட 42 பிரதேசங்களுக்கு நீட்டித்தது. ஆனால் தனி மனிதர் புகார் செய்யும் உரிமையை ஏற்கவில்லை, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல்தான் புகார் கொடுக்க முடியும். சைப்ரஸுக்காக கிரீஸ் 1956இல் புகார் கொடுத்தது. கசையடி, கூட்டுத் தண்டனை விதிகளை பிரிட்டன் கைவிட வேண்டியதாயிற்று. கென்யாவுக்காகப் புகார் கொடுக்க எந்த நாடும் இல்லை. இதை நன்றாக யோசியுங்கள், ம. சட்டம் அங்கேயும் இருந்தது. மனு வாங்கும் ஜன்னல் மட்டும் இல்லை.

அப்படியும் எழுதினார்கள். மௌ மௌ என்ற விடுதலைக் கிளர்ச்சியை அடக்க பிரிட்டன் கென்யாவில் வைத்திருந்த தடுப்பு முகாம்களிலிருந்து கைதிகளின் கடிதங்கள் திருட்டுத்தனமாக வெளியே போயின. ஜே.எம். கரியூக்கி என்ற கைதி அப்படி எழுதியதற்காகவே அடிவாங்கியவர்.

1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில், வேலை செய்ய மறுத்த கைதிகளில் 11 பேரைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். தண்ணீர் வண்டியிலிருந்து தண்ணீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்று அரசு அறிக்கை விட்டது. பிரேதப் பரிசோதனை அந்தப் பொய்யை உடைத்தது.

ஆட்சி முடிந்து கிளம்பும்போது கோப்புகளில் பலவற்றை எரித்தார்கள், மிச்சத்தைக் கப்பலேற்றினார்கள். கென்யக் கிழவர்களும் கிழவிகளும் அந்த முகாம் சித்திரவதைக்காக லண்டனில் வழக்குப் போட்ட பிறகுதான், 2011இல், இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் இருப்பது வெளியே வந்தது. 2013இல் பிரிட்டன் 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. அவர்கள் உடம்பில் தழும்புகள் எப்போதும் இருந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது காகிதம்தான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். முதலில் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் படியுங்கள், தமிழிலேயே கிடைக்கிறது. மேடையில் பெரிய வார்த்தைகள் வேண்டாம். ஜாஃபெட்டின் பயணத்தைச் சொல்லுங்கள், ஹோலாவில் 11 பேர் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.