செழியனா, மாறனா, வழுதியா?

வணக்கம் தங்கச்சி. முதலில் வாழ்த்துகள். மியூனிக் வந்து எட்டே மாதம், ஆகஸ்டில் பையன் பிறக்கப் போகிறான், அதற்குள் வீட்டில் பெயர்ப் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. மாமனாருக்குச் செழியன், உங்கள் வீட்டுக்காரருக்கு இளமாறன், உங்களுக்கு வழுதி. "மூன்றும் பாண்டியர் பெயர்தான், மூன்றும் பிடிக்கும். ஜெர்மன்காரர்கள் வாயில் எது பிழைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். மதுரைக்காரர்கள், சோழன் சேரன் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டீர்கள் போலிருக்கிறது!

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. என் மகன் பெயர் இளங்கோ. அந்தப் பெயரை வைத்தபோது எங்களுக்குத் தோன்றாத ஒன்றை முதலில் சொல்கிறேன். பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் பல கணினி எழுத்துருக்களில் ஒரே நெட்டுக் கோடு. குழந்தை டாக்டரிடம் போயிருந்தபோது "லாங்கோ, லாங்கோ" என்று கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க, அடுத்த குழந்தையை உள்ளே அழைத்துவிட்டார்கள். இளமாறனுக்கும் இதே கதிதான். 'லாமாரன்' என்று படிப்பார்கள். லாமா என்ற விலங்கு இங்கே எல்லாப் படப் புத்தகத்திலும் இருக்கிறது. பிள்ளைகள் விடுவார்களா?

அதனால் 'இள'வைக் கழற்றிவிடுங்கள். பெயருக்கு ஒன்றும் குறையாது. இள, நெடு, நன் என்பதெல்லாம் ஒரே பெயருடைய அரசர்களைப் பிரித்துச் சொல்ல உதவிய அடைகள்தானே. அதுவும் போதாமல் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று செத்த இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் ஒரே ஒரு மாறன்தான். வெறும் மாறன் போதும்.

இப்போது செழியன். ஊரில் 'சிஹெச்', 'இஸட்ஹெச்' போட்டு எழுதுவோமே, அந்த எழுத்துக்கூட்டலை இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். ஜெர்மனில் இஸட் என்றால் 'ட்ஸ்'. சொல்லின் முதலில் வரும் சிஹெச்சுக்கு ஒரு நிலையான ஒலி கிடையாது. சீனாவையே வடக்கே 'ஹீனா', 'ஷீனா' என்பார்கள், நம் பவேரியாவில் 'கீனா'. ஆக, தலையாலங்கானத்தில் செருவென்ற நெடுஞ்செழியனின் பெயர் மியூனிக் வகுப்பறையில் 'கெட்ஸியான்' ஆகிவிடும். ஆனால் முதலில் எஸ், ழகரத்துக்கு எல் போட்டு எழுதினால் கதையே மாறுகிறது. கிலியான், ஃப்ளோரியான், ஃபாபியான் என்று இவர்களிடம் ஏற்கெனவே ஒரு வரிசை உண்டு. கிலியான், வூர்ட்ஸ்பர்க் நகரின் காவல் புனிதர். அந்த வரிசையில் 'ஸெலியான்' வெகு சாதாரணமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெர்லின் பக்கம் அந்த ஸகரம் கொஞ்சம் தேனீ மாதிரி ரீங்கரிக்கும், இங்கே அதுவும் இல்லை.

ழகரத்தை 'எல்' ஆக்குவதா என்று முகம் சுளிக்காதீர்கள். நம் ஈழத்து நண்பர்கள் எழிலையும் தமிழையும் பெரும்பாலும் எல் போட்டுத்தான் எழுதுகிறார்கள், ஈழத்தையும்தான். வீட்டுக்குள் அவர்கள் பிள்ளைகள் சொல்லும் ழகரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் என்ன இருந்தாலும், பிள்ளை உங்கள் வாயிலிருந்துதான் தன் பெயரைக் கற்றுக்கொள்ளப் போகிறான்.

வழுதிதான் எனக்கும் பிடித்த பெயர். புறநானூற்றில் பாடல் விட்டுச்சென்ற புலவர், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் இந்த மூன்றில் அதிகம் அடிபடப்போவதும் அதுதான். வி என்ற எழுத்தைப் பல சொற்களில் இவர்கள் 'ஃப' என்று படிப்பார்கள், இஸட் 'ட்ஸ்' ஆகும், டிஹெச் வெறும் 'ட்'. சேர்த்துப் படித்துப் பாருங்கள்: 'ஃபாட்ஸூட்டி'. எல் போட்டு எழுதினாலும் 'வாலூட்டி' வரைக்கும்தான் வரும், அதைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள். இன்னொன்று, இங்கே 'இ'யில் முடிந்தால் அது செல்லப்பெயர்: ரூடி, ஊலி, ஹான்ஸி. சரி, அப்படியென்றால் வீட்டில் அவனை வழுதி என்றே கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது இயல்பாகத்தான் இருக்கும்.

ஆணா பெண்ணா என்று தெரிகிற மாதிரிதான் பெயர் வைக்க வேண்டுமாமே என்றும் கேட்டீர்கள். முன்பு அப்படிக் கெடுபிடி இருந்தது உண்மை. அதை உடைத்ததே ஓர் இந்தியப் பெயர்தான். கிரண் என்ற பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்கப் பதிவு அலுவலகம் மறுத்து, வழக்கு கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. உங்கள் மூன்று பெயருக்கும் அந்தக் கவலையே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதுதான் உண்மையான தலைவலி. குடும்பப்பெயர். என் கணவரின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது அவர் அப்பாவின் பெயர். அது அப்படியே என் மகனுக்கு இறங்கிவிட்டது. பெற்றவர் பெயர் மகன் பெயரில் எங்குமே இல்லை, எனக்கு வரும் கடிதங்களிலோ என் மாமனார் பெயரைச் சொல்லி விளிக்கிறார்கள்! இப்போது விதி கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 மே 1 முதல், குழந்தை எந்த நாட்டில் வாழ்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் பெயர். ஆனால் குடியுரிமை நாட்டின் சட்டத்தை வேண்டுமென்று பெற்றோர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பிரசவத்துக்கு முன்பே பதிவு அலுவலகத்தில், இவர்கள் ஸ்டாண்டஸாம்ட் என்பார்களே, அங்கே இதைக் கேட்டு வையுங்கள். ஒரு வேடிக்கை, வட கடலோரத்து ஃப்ரீசியர்களிடமும் நம்மைப்போல் அப்பா பெயரிலிருந்து பிள்ளைக்குக் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. அதே 2025 மாற்றத்தில் அவர்களுக்கு அந்த உரிமை கிடைத்திருக்கிறது. நமக்கு இல்லை.

நட்சத்திரம் பார்த்துத்தான் முடிவு என்று மாமியார் சொன்னாலும் பதற வேண்டாம். பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஆஸ்பத்திரியே அதைச் செய்துவிடும். பெயரை மட்டும் ஒரு மாதத்துக்குள் சொன்னால் போதும். பதினாறாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் சூட்டவே நேரம் இருக்கிறது. இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய ஒரு வருடம் கெடு. நீங்கள் இருவருமே இந்தியக் குடிமக்கள், அதனால் அதை மறந்துவிடாதீர்கள்.

நானாக இருந்தால் மாறன் என்றே வைப்பேன். அதையும் இரண்டு 'ஏ' போட்டு எழுதுங்கள். ஜெர்மனில் அது நெடிலாகவே ஒலிக்கும். ஒற்றை 'ஏ' என்றால் நம் வடநாட்டு நண்பர்கள் 'மரண்' என்று படித்துவிடுவார்கள், இந்தியில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். றகரம் ரகரமாகி மாறன் மாரன் ஆவான், பாண்டியன் மன்மதன் ஆகிவிடுவான் என்று தமிழாசிரியர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். மாமனார் மனம் கோணக்கூடாது என்றால் செழியனை இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம். இடையில் சிறுகோடு மட்டும் போடாதீர்கள், போட்டால் இரண்டும் ஒரே பெயர் ஆகிவிடும், பிறகு எங்கேயும் பிரித்து எழுத முடியாது.

பிறப்புச் சான்று அச்சாகும் முன் சரிபார்க்கச் சொல்லி ஒரு தாள் தருவார்கள். தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நாங்கள் அப்போது இருந்த ஊரில் அந்தத் தாளை மூன்று முறை படித்தோம், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டச் சொன்னார். அதிகாரி மாற்றிக் காட்டியபோதுதான், முதல் எழுத்தே 'எல்' என்று தட்டியிருந்தது தெரிந்தது.