மக்கரேனா: திரும்பும்போதுதான் சிக்கல்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் 30 பேர் மொட்டை மாடியில் ‘மக்கரேனா’ பாட்டுக்கு ஆடப்போகிறோம். சின்னப் பிள்ளைகளும் உண்டு, தாத்தா பாட்டிகளும் உண்டு. ஒத்திகையில் முதல் சுற்று நன்றாக வருகிறது. திரும்பியதும் கை இடிக்கிறது, ஆளுக்கொரு பக்கம் ஆடுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: மொத்த ஆட்டமும் 16 எண்ணிக்கைதான். பரதம் கற்கும் பிள்ளைகளிடம் ‘ஆதி தாளம், இரண்டு ஆவர்த்தனம்’ என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். முதல் 12 எண்ணிக்கையும் கைகளுக்கு. எப்போதும் வலது முதலில், பிறகு இடது. உள்ளங்கை கீழே பார்க்க முன்னால் நீட்டுங்கள் (1, 2). உள்ளங்கையை மேலே திருப்புங்கள் (3, 4). எதிர்த் தோள் (5, 6), பிடரி (7, 8), எதிர் இடுப்பு (9, 10), அந்தந்தப் பக்கத்துப் பின்னிடுப்பு (11, 12). 13 முதல் 15 வரை இடுப்பை அசைத்து, 16-ல் கைதட்டித் துள்ளி, கால்பங்கு வட்டம் (90 டிகிரி) திரும்ப வேண்டும். நான்கு சுற்றில் பழைய திசைக்கு வந்துவிடுவீர்கள். சுமார் 37 விநாடி.

கை இடிப்பதற்குக் காரணம் இடைவெளி. எல்லோரும் முன்னால் தாராளமாக இடம் விட்டு, பக்கத்தில் நெருங்கி நிற்பார்கள். திரும்பியதும் அந்தப் பக்கம்தான் முன்பக்கம்! நான்கு புறமும் 4 அடி விடுங்கள். ஆறு பேராக ஐந்து வரிசை என்றால் 20க்கு 16 அடி. கைப்பிடிச் சுவரிலிருந்து இன்னும் 4 அடி தள்ளி நில்லுங்கள். தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்துவிட்டால் பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

ஆட்டம் குழம்புவதற்குக் காரணம் வேறு. நன்றாக ஆடுபவர்களை முதல் வரிசையில் நிறுத்தியிருப்பீர்கள். திரும்பியபின் பார்த்து ஆட முன்னால் ஆள் இல்லை. அவர்களைப் பிரித்து நான்கு ஓரங்களிலும் நிறுத்துங்கள். இடமா வலமா என்பதையும் முன்பே முடிவு செய்து, ‘தண்ணீர்த்தொட்டிப் பக்கம்’ என்பதுபோல் அடையாளம் சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகம் பார்த்து நின்றால் பாதிப் பேருக்கு வலது இடமாகிவிடும். முதலில் யூடியூபில் வேகத்தை 0.75 வைத்துப் பழகுங்கள்.

பெரியவர்கள் துள்ளவே வேண்டாம், ஓர் அடி எடுத்துவைத்துத் திரும்பட்டும். தை மாதப் பனியில் மாடித் தரை வழுக்கும். தோள்வலி உள்ளவர்கள் பிடரிக்குப் பதில் காதைத் தொட்டால் போதும்.

கேள்வி: அந்தப் பாட்டின் பொருள் என்ன? பிள்ளைகள் ஆடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஸ்பெயினின் ‘லோஸ் டெல் ரியோ’ இரட்டையர் 1993-ல் வெளியிட்ட பாட்டு. ‘பேசைட் பாய்ஸ்’ இசைக்குழு ஆங்கில வரிகள் சேர்த்துச் செய்த ரீமிக்ஸ்தான் 1996-ல் அமெரிக்க பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. பல்லவியில் குறையில்லை; ‘உடம்புக்கு மகிழ்ச்சி கொடு’ என்பதுதான். சரணமோ, காதலன் ராணுவத்துக்குப் போகும் நேரத்தில் அவன் நண்பர்களோடு கூடும் பெண்ணைப் பற்றியது. பிள்ளைகளுக்குப் பல்லவியை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். வெட்டும் இடம் சரியாக 16 முடியும் இடமாக இருக்கட்டும். ஓர் எண்ணிக்கை பிசகினாலும் அடுத்த சுற்று முழுக்கக் கைகள் தாளத்துக்குப் பின்னால் ஓடும்.