மொட்டைக் கடிதமும் புனைபெயரும்: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் பெயரை மறைத்துக்கொள்வது பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களில் மூவர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்ததால், நான்காமவரின் பெயரையும் விட்டுவிட்டோம்.

தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகான என் வாழ்க்கையைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமில் வேறொரு பெயரில் எழுதி வருகிறேன். இதை அறிந்த என் அண்ணன், 'சொந்தப் பெயரில் சொல்லத் துணிவில்லாததை எழுதுவது மொட்டைக் கடிதம் போடுவதற்குச் சமம்' என்கிறார். அப்படித்தானா?
– வாசகி, கரூர்

உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் மொட்டைக் கடிதத்தின் மீது அவருக்குள்ள வெறுப்பு எனக்கும் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு திருமணம், நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகையும் அச்சுக்குப் போன பிறகு, ஓர் இன்லண்ட் கடிதத்தால் நின்றுபோனது. அனுப்புநர் முகவரிக்கான இடம் வெறுமையாக இருந்தது. கையெழுத்தை மறைக்க இடக்கையால் எழுதியதைப்போல் எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போன பின், பெண்ணின் தந்தை அதை மடிக்கவும் தோன்றாமல் கிழிக்கவும் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எழுதியவர் யார் என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதியவர் தன் பெயரை மறைத்துக்கொண்டு இன்னொருத்தியின் பெயரைச் சந்திக்கு இழுத்தார். நீங்கள் உங்கள் கதையை நீங்களே சொல்கிறீர்கள். வேலைக்கும் வீட்டுக்கும் பங்கம் வராமல் இருக்கப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் கவிதை எழுதிய ஒரு பெண், சல்மா என்ற புனைபெயர் இல்லாமல் இருந்திருந்தால் நமக்குக் கவிஞராகக் கிடைத்திருப்பாரா? பின்னாளில் பொதுவாழ்விலும் அவர் அந்தப் பெயரால் அறியப்பட்டார். மேலும், இரண்டு ஆண்டுகள் காப்பாற்றி வந்த புனைபெயர் என்பது பெயரின்மை ஆகாது. அந்தப் பெயரை நம்பிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு பொய்யை எழுதினால் அந்தப் பெயர் கெடும், அதை நீங்களும் உணர்வீர்கள். இன்று திறந்து நாளை மூடிவிடும் கணக்கிலிருந்து வசைபாடுகிறவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. அண்ணனிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் முன்னாள் கணவருக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்லும் வாய்ப்பு இல்லை. ஆகவே அவரை அடையாளம் காட்டக்கூடிய ஊர், தொழில், உறவினர் பற்றிய குறிப்புகள் உங்கள் எழுத்தில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. அடுத்தது, நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த படங்கள். ஜன்னலோரத்துத் தேநீர்க் குவளைக்குப் பின்னால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி தெரிகிறது. அதில் எழுதியிருக்கும் ஊராட்சியின் பெயரைப் படிக்க முடிகிறது. பெயரை மாற்றிக்கொண்ட எத்தனையோ பேர் இப்படி ஒரு படத்தால்தான் அடையாளம் தெரிந்துபோகிறார்கள்.

ஆதார் எண் இல்லாமல் யாரும் சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்க முடியாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தால், அவதூறும் ஆபாசமும் ஒரே நாளில் ஒழிந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஐயா. இதே எண்ணத்தோடு தென்கொரியா 2007ஆம் ஆண்டில் இதைச் செய்துபார்த்தது. பெரிய இணையதளங்களில் கருத்து எழுத விரும்புபவர் தம்மைக் குடிமக்கள் பதிவு எண் போன்ற சான்றால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பிறகு அது நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்கள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனாலும் சட்டம் நடைமுறையில் இருந்த 2008 அக்டோபரில்தான், இணையத்தில் பரவிய வதந்திகளுக்கு நடுவே, அந்நாட்டின் புகழ்பெற்ற நடிகை சோய் ஜின் சில் தற்கொலை செய்துகொண்டார். சொந்த அடையாளத்தைக் கொடுத்துவிட்டும் வெறுப்பை எழுதுவதற்குத் தயங்காதவர்கள் ஏராளமாக இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி 2011 ஜூலையில் விழுந்தது. நேட், சைவேர்ல்ட் என்னும் இரு தளங்களை ஊடுருவிய திருடர்கள் சுமார் 3.5 கோடிப் பயனாளர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 5 கோடிதான். ஓரிடத்தில் எல்லோருடைய அடையாளத்தையும் குவித்துவைத்தால் அது களவாணிகளுக்குத் திறந்துவைத்த நெற்குதிராகிவிடுகிறது. கடவுச்சொல் திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம், பிறந்தபோது கொடுத்த எண்ணை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவை ஒருமனதாக நீக்கியது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதும், மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் நீதிமன்றம் கூறிய காரணங்களுள் அடங்கும்.

நம் நாட்டிலும் குற்றவாளியைத் தேடுவதற்கு வழி இல்லாமல் இல்லை. கணக்கு தொடங்கப் பயன்பட்ட கைபேசி எண்ணின் சிம், ஏதோ ஓர் அடையாளச் சான்றைக் காட்டித்தான் வாங்கப்பட்டிருக்கிறது; இணைய இணைப்பின் முகவரியும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டுபவருக்கான தண்டனை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே, 507ஆம் பிரிவாக இருந்தது. இன்று அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவு, மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இரண்டு ஆண்டுகள் வரை கூடுதல் சிறை என்கிறது. வெறுமனே மறைந்திருப்பதை இந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. மறைந்திருந்து மிரட்டுவதைத் தண்டிக்கிறது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. கோடிக்கணக்கானவர்களின் அடையாளத்தைத் திரட்டுவதைவிட, வந்த புகாரைக் காவல் நிலையத்தில் அன்றே பதிவு செய்வதால் விளையும் நன்மை அதிகம்.

கல்லூரியில் படிக்கும் என் மகளின் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அவளுடைய தோழிகளிடம் பணம் கேட்கிறார்கள். 'வெளியே தெரிந்தால் மானம் போகும், அவள் கணக்கை மூடிவிட்டுப் பேசாமல் இருங்கள்' என்கிறார்கள் உறவினர்கள்.
– வாசகர், நாமக்கல்

பேசாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் மகளின் உண்மையான கணக்கு மூடப்பட்டால், அவளுடைய பெயரில் பேசுவதற்குப் போலி ஒன்றுதான் மிஞ்சும். அவளுடைய கணக்கிலிருந்தே 'இது நான் இல்லை, பணம் அனுப்பாதீர்கள்' என்று அவள் இன்றே அறிவிக்கட்டும்.

போலிக் கணக்குக்கு எந்தப் பதிலும் அனுப்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நின்றுவிடாமல், அந்தக் கணக்கின் இணைப்பையும் நகலெடுத்துத் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பாதிக்கப்பட்டவர் இப்படிப் புகார் செய்தால் நீக்குவதற்கு 24 மணி நேரக் கெடு விதித்தன. அதோடு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். தோழிகளில் யாராவது பணம் அனுப்பியிருந்தால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறத்தக்க குற்றம்.

மானம் போக வேண்டியது திருடியவனுக்கு. வீட்டில் இதை அவள் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசுப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கொள்முதலில் நடக்கும் முறைகேட்டுக்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, பெயர் இல்லாமல் அனுப்பிவிடலாமா? (ஊரையும் வெளியிட வேண்டாம்.)
– வாசகர்

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, அங்கு நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமருக்குக் கடிதம் எழுதியபோது, தம் பெயரை இரகசியமாக வைக்கும்படி வேண்டிக்கொண்டார். அந்தக் கடிதமோ அவருடைய பெயரோடு அலுவலகம் அலுவலகமாகக் கைமாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியின்போது நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னாலும், பெயரைக் காக்கத் தவறிய அலுவலகங்களின் மீது எழுந்த கோபம் அடங்கவில்லை. அதன் விளைவாகவே 2004இல் மத்திய அரசு பொதுநலத் தகவல் வெளிப்படுத்தல் தீர்மானத்தைக் கொண்டுவந்து, புகார் கொடுப்பவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் கொடுத்தது.

அந்த ஏற்பாட்டின்படி, பெயரில்லாத புகாரையும் புனைபெயரில் வரும் புகாரையும் ஆணையம் எடுத்துக்கொள்வதில்லை. பெயர் ஓரிடத்தில் தெரிந்திருக்க வேண்டும், மற்ற எங்கும் தெரியக் கூடாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே அந்த மின்னஞ்சல் வேண்டாம். குறிப்பாக, அலுவலகக் கணினியிலிருந்து எதையும் அனுப்பவே வேண்டாம். புகாரை ஓர் உறையில் இட்டு நன்றாக ஒட்டி, ஆணையத்தின் செயலாளருக்கு முகவரியிட்டு, பொதுநலத் தகவல் வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழான புகார் என்று உறையின் மேல் எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே இருக்கும் கடிதத்தில் மட்டும் இருக்கட்டும். உறையின் மேல் வேண்டாம். பெயர் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக ஆணையம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கடிதம்கூட அனுப்பாது. பதில் வரவில்லையே என்று மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்காதீர்கள்.