இன்னொரு கொரோனா வருமா?

கேள்வி: கோவிட்டைப் போலவே கொரோனா வைரஸால் வந்த சார்ஸ் சில மாதங்களில் அடங்கிவிட்டது. அதே வகை நோயான மெர்ஸ் பெரிதாகப் பரவவில்லை. கோவிட் மட்டும் ஏன் உலகத்தையே முடக்கியது? இப்படி இன்னொன்று வருமா? எனக்கு வயது 58, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: வரலாம். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வௌவால்களிடம் ஏராளமான கொரோனா வைரஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று வேறொரு விலங்கு வழியாக மனிதருக்குத் தாவினால் போதும். மெர்ஸ் நமக்கு ஒட்டகத்திடமிருந்து வந்தது. ஆனால் கொரோனா என்றாலே ஆபத்து என்று எண்ண வேண்டாம். மனிதரிடையே பரவும் வேறு நான்கு கொரோனா வைரஸ்கள் பெரும்பாலும் சாதாரண சளியோடு போய்விடும்.

உங்கள் முதல் கேள்விதான் முக்கியமானது. உயிரைப் பறிக்கும் விகிதத்தைப் பார்த்தால் கோவிட் மற்ற இரண்டையும்விடக் குறைவு. 2002-03இல் சார்ஸ் 8,096 பேரைத் தாக்கி 774 உயிர்களை எடுத்தது. மெர்ஸ் உறுதியானவர்களில் ஏறக்குறைய 35 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் சார்ஸ் நோயாளி அதிகமாகக் கிருமியை வெளியேற்றியது நோய் முற்றிய இரண்டாவது வாரத்தில். அதற்குள் அவர் படுக்கையில் விழுந்திருப்பார். அவரைத் தனிமைப்படுத்தியதும் சங்கிலி அறுந்தது. கோவிட்டோ, காய்ச்சலோ இருமலோ தொடங்கும் முன்பே பரவியது. நெற்றியில் வெப்பமானி வைத்து அதை எப்படிப் பிடிப்பது?

மெர்ஸிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2015இல் வளைகுடா நாடுகளுக்குப் போய்த் தென்கொரியா திரும்பிய ஒருவர், என்ன நோய் என்று தெரிவதற்குள் பல மருத்துவமனைகளுக்குப் போனார். கடைசியில் 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது. அதனால்தான் காய்ச்சலோடு வருபவரிடம் 'சமீபத்தில் எங்காவது போய் வந்தீர்களா?' என்று கேட்கிறோம். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

எனக்குள்ள கவலை வேறு. மெர்ஸ் வைரஸின் முள் புரதத்தை, அதாவது வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் முள் போன்ற பகுதியை, உருமாறாமல் நிலைநிறுத்தக் கற்றுக்கொண்டது, கோவிட் தடுப்பூசிகள் ஒரு வருடத்துக்குள் கிடைக்கப் பெரிதும் உதவியது. தொற்று அடங்கியதும் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் வற்றிப்போவதை சார்ஸுக்குப் பிறகே பார்த்தோம். மறுபடியும் அது நடக்கக் கூடாது.

இனி உங்களுக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கோவிட் தீவிரமாகும் அபாயம் அதிகம். அதனால் இன்று நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. ஃப்ளூ, நிமோனியா, கோவிட் தடுப்பூசிகளில் எவை தேவை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இருமல் வந்தால் முகக்கவசம் போட்டு வீட்டில் இருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். லேசான கோவிட்டுக்கு அதனால் பயனில்லை, சர்க்கரையையும் ஏற்றிவிடும். மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.