திறக்காத தண்ணீர் பாட்டில்

கேள்வி: எனக்கு வயது 63. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 59. மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் ஏழு மாதமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 ரூபாய்தான் செலவு. எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு இருக்கிறது. முன்பதிவு செய்வதில்லை, தோன்றும்போது கிளம்புவோம். பெரும்பாலும் இரவு பஸ், அறை வாடகை மிச்சம். மகன் ஏ.சி. டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குக்கு ரயிலில் போனபோது மலையைக் குடைந்து போட்ட 58 ரயில் குகைகளையும் எண்ணினேன். பூரி ஜகந்நாதர் கோயில் ஆனந்த பஜாரில் மண்சட்டியில் வாங்கிய பிரசாதத்தின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. மனைவியும் சிக்கனத்துக்கு ஈடுகொடுப்பவள்தான். ஒடிசாவில் கோராபுட்டில் இரவு பஸ் ஏறும்போது நிரப்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மறுநாள் காலை புவனேஸ்வரத்தில் இறங்கும்போதும் அப்படியே இருந்தது. பூரியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார்கள். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம். இப்போது காசியில் இருக்கிறோம். அடுத்து அசாம் போய், திப்ருகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரி வந்து சேர வேண்டும் என்பது என் கனவு. அவளோ வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். பயணத்தின் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஓர் இரவு முழுக்கப் பயணம். 59 வயதுப் பெண் ஒருவர் ஒரு லிட்டர் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு, விடியும்வரை ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சிக்கனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சிக்கனம் இல்லை, பயம். குடித்தால் அடக்க முடியாது. அடக்க முடியாவிட்டால் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினாலும் அந்த இருட்டில் எங்கே போவது? ஆண்கள் இறங்கிப் பஸ்ஸின் பின்பக்கம் நின்றுவிட்டு வருவார்கள். நீங்களும் போய்வந்திருப்பீர்கள். உங்கள் மனைவி எங்கே போவார்? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது. அவர் கண்டுபிடித்த விடைதான் மூடி திறக்காத அந்தப் பாட்டில்.

58 குகைகளை எண்ணினீர்கள். கோராபுட்டில் பஸ் ஏறியது முதல் புவனேஸ்வரத்தில் இறங்கும்வரை மனைவி எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார்? உங்கள் நோட்டில் அது இருக்கிறதா? இருக்காது. ஒருமுறையாவது அவர் உங்கள் கையைத் தொட்டு, "வண்டி எங்கேயாவது நிற்குமா?" என்று கேட்டிருப்பார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1909-ம் ஆண்டு வங்காளத்தில் அகமத்பூர் ஸ்டேஷனில் ஓகில் சந்திர சென் என்பவர் இறங்கி ஒதுங்கிய நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. கொதித்துப்போய் ரயில்வேக்கு அவர் எழுதிய புகார்க் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அவர் ஆண், வெட்கப்படாமல் எழுதினார். உங்கள் மனைவி யாருக்கும் எழுதவில்லை. உங்களிடம்கூட வாய் திறந்து சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்திக்கொண்டார். ஊர் சுற்றும் தம்பதிகளிடமிருந்து எனக்குக் கடிதம் வராத மாதமில்லை. "அவளுக்கு ரசனை போதாது" என்று கணவர்தான் எழுதுவார். மனைவியின் பக்கம் இப்படி ஏதாவது ஒரு வரியில், எழுதியவருக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும்.

காய்ச்சலுக்கு வருகிறேன். ஆசையாகச் சாப்பிட்டீர்களே, அந்த ஜகந்நாதர் பிரசாதம் இருந்த ஊரின் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால், தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். மாதவிடாய் நின்ற வயதில் இந்தத் தொற்று இன்னும் சுலபமாக வரும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது என்றால் சிறுநீரகம்வரை போயிருக்கவும் கூடும். அதற்குக் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாள் நிறுத்தலாம் என்று யார் சொன்னது? காய்ச்சல் விட்டதும் தொற்று போய்விட்டது என்று அர்த்தமில்லை. நாளைக் காலையில் காசியிலேயே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போய், மருந்தைப் பாதியில் விட்டதைச் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது உங்கள் சிக்கனம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். கோராபுட்டிலிருந்து புவனேஸ்வரத்துக்கு இரவு ரயில் இருக்கிறது, ஹிராகண்ட் எக்ஸ்பிரஸ். படுத்துக்கொண்டே போகலாம், பெட்டிக்கு நாலு கழிப்பறை. இரவு பஸ் கட்டணத்தைவிட ஸ்லீப்பர் டிக்கெட் பெரும்பாலும் குறைவுதான். அறை வாடகையும் அதே மாதிரி மிச்சமாகியிருக்கும். பிறகு ஏன் பஸ்? முன்பதிவு செய்யவில்லை, அதனால் பஸ். ரயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே எடுக்கலாம். ஏழு மாதமாக வேறு வேலை இல்லாத உங்களுக்கு அதற்கு நேரம் இல்லாமல் போகவில்லை. "தோன்றும்போது கிளம்புவோம்" என்கிற சுகம் உங்களுக்கு வேண்டியிருந்தது. அந்தச் சுகத்துக்கு விலையை உங்கள் மனைவி தொண்டை வறண்டு கொடுத்தார். அதைச் சிக்கனக் கணக்கில் எழுதாதீர்கள்.

மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நின்றுபோனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது நிரம்பியிருந்தால் போதும். நீங்கள் இருவருமே அதற்குத் தகுதியானவர்கள். முன்பதிவு செய்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

குறைந்த செலவில் ஊர் சுற்றுவதற்கு நான் எதிரியில்லை. கையில் காசு குறைவாக இருந்தபோதுதான் நானும் என் கணவரும் அதிகம் பார்த்தோம். ஸ்லீப்பர் பெட்டியில் எதிர் இருக்கைக்காரர் பிரித்த பூரிப் பொட்டலத்தில் நமக்கும் இரண்டு வரும். பாஷை தெரியாத கிழவி நம் தலையைக் கோதிவிடுவாள். விடிகாலை பிளாட்பாரத்தில் மண்குவளை டீயை இரண்டு கைகளாலும் பொத்திக் குடிக்கிற சூடு எந்தப் பெரிய ஹோட்டலிலும் கிடைக்காது. இதெல்லாம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். அவருக்கும் கிடைத்ததா என்றுதான் கேட்கிறேன். அடிவயிறு முட்டிக்கொண்டிருக்கும்போது எந்தச் சூரிய உதயமும் கண்ணுக்குத் தெரியாது.

இருபது வருடங்களுக்கு முன் ஜெய்சால்மேர் போகும் இரவு பஸ்ஸில் எனக்கும் இதே கதிதான். நள்ளிரவு தாண்டியிருக்கும். நான் சொல்லவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து என் கணவரே எழுந்து போய் டிரைவரிடம் பேசினார். பத்து நிமிடத்தில் வந்த பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. கழிப்பறையில் விளக்கு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, கதவை வெளியிலிருந்து ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். பஸ்ஸில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெய்சால்மேர் கோட்டையை இப்போது நினைத்தால் கொஞ்சம் மங்கலாகத்தான் வருகிறது. அந்தக் கதவிடுக்கில் தெரிந்த அவருடைய சட்டை இன்னும் தெளிவாக இருக்கிறது.

அக்கினி சாட்சியாகக் கைபிடித்து அழைத்து வந்தவருக்கு வழியில் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் பார்த்துக் கொடுப்பது கணவனின் கடமை. நான் பழைய காலத்து மனுஷி, இப்படித்தான் சொல்லுவேன். காசியில் கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கணக்குப் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்கள்தான் ஊர் பேர் தெரியாத யாத்ரீகர்களுக்காக அவ்வளவு தூரத்தில் இடம் வாங்கிக் கட்டினார்கள். வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர்க்காரர்கள் நாம். கூடவே வருகிற மனைவி தாகத்தோடு வருகிறார் என்றால் அது நமக்கு அவமானம்.

மகன் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றதை ஏன் மறுத்தீர்கள்? உங்களுக்கு வேண்டாம் என்றால் சரி. அவருக்கு வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? பெற்றவளுக்குச் செய்வது பிள்ளையின் கடமை, அதை வாங்கிக்கொள்வது அவருடைய உரிமை. நடுவில் நின்று உங்கள் வீம்பைக் காட்டாதீர்கள். இன்றே மகனுக்கு போன் செய்து சரி என்று சொல்லுங்கள்.

அம்மா, இந்தப் பதிலை அவர் உங்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன். உங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனிதரிடம் "எனக்குப் போக வேண்டும்" என்று சொல்ல என்ன வெட்கம்? அடுத்த தடவை பஸ் முழுக்கத் தூங்கினாலும் எழுப்புங்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பங்கிலும் தயங்காமல் இறங்கிக் கேளுங்கள்.

ஐயா, அவர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அழைத்துக்கொண்டு போங்கள். பயணத்தின் அருமையை அவருக்குப் புரியவைக்க இப்போது எதுவும் செய்ய வேண்டாம். காசியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அந்த உடம்போடு அங்கே இருக்கவும் வேண்டாம். டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னதும் கிளம்புங்கள். பனாரஸிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் வருகிறது. மகன் பணத்தில் ஏ.சி. பெட்டி, அவருக்குக் கீழ்ப் படுக்கை.

அசாம் எங்கேயும் ஓடிவிடாது. மழை நின்று ஐப்பசியில் போகலாம், அவருக்கு மனம் இருந்தால். விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் கூடுதலாக ஓடுகிற வண்டி. இரண்டாம் நாள் மாலையில் அதன் ஸ்லீப்பர் கழிப்பறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே மூச்சில் வர வேண்டும் என்பது உங்கள் கனவு மட்டும்தான். நியூ ஜல்பைகுரியில் இறங்கி இரண்டு நாள், விசாகப்பட்டினத்தில் இறங்கி இரண்டு நாள் தங்கி வாருங்கள். விடியாத நேரத்தில் இறங்கினால் ஸ்டேஷன் ஓய்வறையைச் சில மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், லாட்ஜ் தேடி அலைய வேண்டாம். அந்தப் பயணத்தில் எந்த வண்டி, எந்த நேரம், எங்கே தங்குவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். நோட்டும் பேனாவும் அவர் கையில் இருக்கட்டும். 1,500 ரூபாய் 1,800 ஆனால் கேள்வி கேட்காதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டில் இன்னும் பையில்தான் இருக்கும். எடுத்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியை நீங்களே திறந்து அவர் கையில் கொடுங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.