கம்பியூட்டர் கேள்வி – பதில்: பேஸ்ட் பூசுவது கடைசி வேலை

கேள்வி: வணக்கம் அக்கா. நான் விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். போன வருடம் ஒவ்வொரு சாமானாக வாங்கி நானே ஒரு கேமிங் கம்பியூட்டர் பூட்டினேன். கிராபிக்ஸ் கார்ட் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர், ஆரோ பாவித்தது. கேம் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் சூடு 84 பாகைக்குப் போகிறது. ஃபான் உழவு மெஷின் மாதிரிக் கத்துகிறது. வேகம் 1,900 மெகாஹெர்ட்ஸில் இருந்து 1,500க்குக் கீழே விழுந்து, கேம் இழுத்து இழுத்து ஓடுகிறது. மத்தியானம் மோசம், இரவில் பரவாயில்லை. எல்லாரும் தேர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் குளிராக்கிக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவில் பூசுகிற பசை) மாற்றச் சொல்கிறார்கள். அப்பா வித்துப்போடு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பேஸ்ட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். மத்தியானம் மோசம், இரவில் பரவாயில்லை என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் கார்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இந்த வகைக் கார்டுகள் 83 பாகையை ஒட்டி வந்ததும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைக்கும். உங்கள் கார்டுக்கு நிறுவனம் சொல்லும் அடிப்படை வேகம் 1,530 மெகாஹெர்ட்ஸ். அதற்கும் கீழே இறங்குகிறதென்றால் சூட்டுக்குப் பயந்து ஒடுங்குகிறது என்று அர்த்தம். கேம் இழுப்பது அதனால்தான். கார்ட் செத்துக்கொண்டிருக்கவில்லை.

இனி அறைக்கு வருவோம். யூடியூப்பில் 65 பாகை என்று காட்டுகிறவரின் அறை 20 பாகையில் ஏசி போட்டபடி இருக்கும். அவருடைய கார்ட் அறையை விட 45 பாகை கூடச் சுடுகிறது, அவ்வளவுதான். அதே கார்டை சித்திரை மாதத்து மத்தியானம், 36 பாகை அறையில், சீற் கூரைக்குக் கீழே ஓட்டினால் 81 வரும். அறை ஒரு பாகை ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். ஆகவே 84 என்ற இலக்கத்தை மட்டும் பார்த்துப் பயப்படாமல், அறை எவ்வளவு, கார்ட் அதற்கு மேல் எவ்வளவு என்று பாருங்கள். சுவரில் தொங்குகிற சாதாரண வெப்பமானி போதும்.

அடுத்து, ஒரு சதமும் செலவில்லாத வேலை. உங்கள் மொனிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை. 60 ஹெர்ட்ஸ் என்றால், அது செக்கனுக்கு 60 படத்தைத்தான் காட்டும். கேம் 140 படம் ஓடிக்கொண்டிருந்தால், மிச்ச 80 படத்தையும் கார்ட் வேர்த்து விறுவிறுத்துத் தயாரித்து வீணாக்குகிறது. என்விடியா கன்ட்ரோல் பனலில் அதிகபட்ச ஃபிரேம் அளவை 60 என்று போட்டுவிடுங்கள். இலேசான கேம் என்றால் இதிலேயே பிரச்சினை முடிந்துவிடும். அதோடு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்ட் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவை, நூறு வீதத்தில் இருந்து எண்பதுக்குக் குறையுங்கள். 125 வாட் தின்கிற கார்ட் நூறு வாட்டுக்கு வந்துவிடும். படத்தில் வித்தியாசம் தேடினால்தான் தெரியும், சூட்டில் உடனே தெரியும்.

இதற்குப் பிறகும் கொதித்தால் கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே கேமை, அதே மத்தியான நேரத்தில், இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஏழெட்டுப் பாகை இறங்கினால் கார்டில் பிழையில்லை, கேசிங்குக்குள் காற்று ஓடவில்லை. ஒன்றிரண்டு பாகைதான் இறங்குகிறதென்றால் கார்டின் மேலே பூட்டியிருக்கிற குளிராக்கியைப் பார்க்க வேண்டும். கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் செய்கிற சோதனை இது. நட்டு ஒன்றையும் தொடாமலே எந்தப் பக்கம் போவது என்று சொல்லிவிடும்.

காற்றுத்தான் பிரச்சினை என்றால் கேசிங்கின் முன்பக்கத்தைப் பாருங்கள். முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் லைற் அடிக்கிற மூன்று ஃபான், காற்று நுழைய விளிம்பில் ஒரு விரல் இடைவெளி. இப்போது இங்கே விற்பனையில் இருக்கிற கேசிங்குகளில் பாதி இந்த வடிவம்தான். லைற்றுக்குக் கொடுக்கிற காசை வலை போட்ட முன்பக்கத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஃபானைத் தலைகீழாகப் பூட்டுகிறவர்களும் உண்டு. ஒரு துண்டு மெல்லிய கடதாசியைப் பிடித்துப் பாருங்கள்: முன்னால் கேசிங்கோடு ஒட்ட வேண்டும், பின்னால் வெளியே பறக்க வேண்டும். மேசையின் அடித்தட்டுக்குள் செருகி வைத்திருந்தால் வெளியே எடுத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கதவைத் திறந்தபடியே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். சோதனைக்குச் சரி, குடித்தனத்துக்குச் சரிவராது. தூசு நேராக உள்ளே போகும். அதைவிடப் பல்லி. மதர்போர்ட்டில் பல்லி செத்துக் கிடந்து ஷோர்ட் ஆன கம்பியூட்டர் எங்கள் கடைக்கு வந்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

தூசுக்கு வருவோம். வீடு கிரவல் வீதியோரம் என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபானை மட்டும் துடைத்துவிட்டுத் துப்புரவாக்கிவிட்டேன் என்பார்கள். தூசு இருப்பது ஃபானில் இல்லை, ஃபானுக்குப் பின்னால், அலுமினியத் தகடுகளின் வாயில். கார்டைக் கழற்றி ரோச் லைற்றைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்: கம்பளித் துணி ஒட்டியது போல ஒரு படை தெரியும். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வருகிற கார்டுகளில் சிவப்பு மண்ணோடு நெல்லுச் சுணையும் கலந்திருக்கும். நுளம்புத்திரி கொளுத்துகிற அறை என்றால் அந்தப் படை பிசுபிசுத்து, ஊதினாலும் போகாது. காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் மெதுவாகக் கிளறிவிட்டு ஊதுங்கள். ஊதும்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கண்டபடி சுழன்று பெயரிங் போய்விடும். தயவுசெய்து ரயர் கடைக் கொம்பிறஷருக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும், அடிக்கிற அடியில் ஃபானின் இதழே உடையும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் பேஸ்ட். அதற்கும் முன்னால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: ஒன்று சாதாரணச் சூடு, மற்றது ஹொட் ஸ்பொட், அதாவது சிப்பில் ஆகக் கூடச் சுடுகிற இடம். இரண்டுக்கும் பத்துப் பதினைந்து பாகை வித்தியாசம் வழமையானது. இருபத்தைந்து, முப்பது என்று போனால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது குளிராக்கி சமமாக அமரவில்லை. நீங்கள் வாங்கியது பாவித்த கார்ட் என்பதால் இதற்கு வாய்ப்பு உண்டு. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்குக் கார்ட் கொண்டு மைனிங் செய்கிற, அதாவது கார்டைக் கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிக்கிற, முறை நின்றுபோனது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அதற்குப் பிறகு மலிவாகச் சந்தைக்கு வந்தன, 1660 சூப்பரும் அதில் தாராளமாக இருந்தது.

பேஸ்ட் மாற்றுவதென்றால் கேமை ஐந்து நிமிடம் ஓட்டி கார்ட் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். சிப்பைச் சுற்றியுள்ள நாலு ஸ்பிறிங் நட்டையும் மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். குளிராக்கி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், இலேசாக இடம் வலம் அசையுங்கள். ஃபான் வயரின் கொழுக்கி நகம் அளவுதான் இருக்கும், அதை மறந்துவிட்டுத் தூக்கினால் போர்ட்டோடு பிய்ந்து வரும். மெமரி சிப்புகளின் மேலே இருக்கிற மெத்தை போன்ற பாட்களைக் கிழிக்காமல் அப்படியே விடுங்கள். வேறு தடிப்பில் பாட் வைத்தால் குளிராக்கி சிப்பைத் தொடாது, இருந்ததை விட மோசமாகிவிடும். பழைய பேஸ்ட்டைத் துடைக்க பார்மசியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் என்றே கேட்டு வாங்குங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், படலம் விட்டுப்போகும். புதுப் பேஸ்ட்டைச் சிப்பு முழுவதும் மெல்லியதாக மூடும்படி பரப்புங்கள், இங்கே ஒரு பொட்டு வைத்தால் போதாது. கை நடுங்கினால் கடைக்குக் கொடுங்கள், அதில் வெட்கமில்லை.

கேள்வி: மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். புதுக் கார்ட் போட்டேன். கம்பியூட்டரை ஒன் செய்தால் கார்டின் இரண்டு ஃபானும் சுழலவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. இப்போதைய பல கார்டுகளில் சூடு ஐம்பது, அறுபது பாகைக்கு வரும்வரை ஃபான் நின்றபடிதான் இருக்கும். ஒரு கேமைத் திறந்து சில நிமிடம் பாருங்கள். எழுபது தாண்டியும் அசையாவிட்டால் மட்டும் பற்றுச்சீட்டோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: புளியங்குளம். கேம் நல்லாகத்தான் ஓடும், இடையில் யூபிஎஸ் கீச்சிட்டு முழுக் கம்பியூட்டரும் பட்டென்று நிற்கும். கார்டின் சூடு 70தான். சூட்டினால் நிற்கிறதா?

பதில்: 70 பாகையில் எந்தக் கார்டும் நிற்காது. சூடு என்றால் முதலில் கேம் இழுக்கும், ஃபான் கத்தும், பிறகுதான் மற்றதெல்லாம். பட்டென்று நிற்பது மின்சாரப் பக்கம். 650 வீ.ஏ. என்று பெட்டியில் போட்டிருக்கிற யூபிஎஸ் பல, உண்மையில் 360 வாட்தான் தரும். கார்டும் புரொசசரும் ஒரே கணத்தில் இழுத்தால் அது தாங்காது. ஒருமுறை யூபிஎஸ் இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் போட்டு விளையாடிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் குற்றவாளி யூபிஎஸ். அப்போதும் நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள், அதுவும் கேசிங்கோடு இலவசமாக வந்ததென்றால் கட்டாயம்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தாய். மகன் லீவு நாளில் விடிய விடிய கேம். அந்தப் பெட்டிக்குப் பின்னால் கை வைத்தால் அடுப்படி மாதிரி வெக்கை. வீடு தீப்பிடிக்குமா? கரண்ட் பில் எவ்வளவு வரும்?

பதில்: அக்கா, பின்னால் வெக்கை வருவது நல்லதுதான், உள்ளே தங்காமல் வெளியேறுகிறது. அளவுக்கு மிஞ்சினால் கார்ட் தானே நின்றுவிடும். பில்லைப் பொறுத்தவரை, விளையாடும்போது எல்லாம் சேர்த்து 250 வாட் என்று வைத்தால், நாலு மணித்தியாலத்துக்கு ஒரு யூனிற். தினமும் அப்படியென்றால் மாதம் முப்பது யூனிற். அது உங்கள் பில்லை எந்தப் படிக்கு ஏற்றும் என்று பழைய பில்லோடு சேர்த்துப் பாருங்கள், மகனையும் பக்கத்தில் இருத்திக் கணக்குப் பார்க்க வையுங்கள். நெருப்புப் பயம் என்றால் நான் பார்ப்பது பெட்டியை இல்லை, அது செருகியிருக்கிற மல்ரிபிளக்கை. கம்பியூட்டர், மொனிட்டர், மேசை ஃபான், போன் சார்ஜர் எல்லாம் ஒரு மலிவு மல்ரிபிளக்கில் தொங்கும். மகன் ஒரு மணித்தியாலம் விளையாடிய பிறகு, சுவிட்சை நிறுத்திவிட்டு அந்தப் பிளக்கின் பிளாஸ்ரிக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அல்லது ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால், அன்றைக்கே மாற்றுங்கள்.